காய்ச்சல் காட்டாத வருத்தம்

17.10.2024, வியாழன்

கிளினிக்கிலிருந்து வீடு வர இரண்டு மணி. காலை ஆறரைக்கு நம்பர் எடுத்தோம். பதினொன்றரைக்குக் கூப்பிட்டு மூன்று நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள்.

இவருக்கு, என் மனுசனுக்கு, முடக்குவாதம் வந்து மூன்று வருடம். வெங்காயம் பிடுங்கின கை, சேட்டுத் தெறி பூட்ட முடியாமல் கிடந்த கை, இப்போது திறப்புப் போட்டுக் கதவு திறக்கிறது. குளிசைகளின் புண்ணியம். ஒன்று ஞாயிறுகளில் மட்டும். மற்றது தினமும் காலையில், பிரெட்னிசொலோன். மருந்து கொடுக்கிற நேர்ஸ் மிஸ்ஸி உறையை நீட்டும்போது சொல்வது ஒரே ஒரு வசனம்: சாப்பிட்ட பிறகு. அதற்கு மேல் கேட்டால் அடுத்த நம்பரைக் கூப்பிடுவா.

மூன்று வருடமாக விழுங்கும் மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. நானும் வற்புறுத்திக் கேட்டதில்லை என்று எழுதத்தான் வேண்டும். இன்றைக்கு எழுதமாட்டேன். கோபமாக இருக்கிறேன்.

28.10.2024, திங்கள்

சண்டை. கந்தசஷ்டி வருகிறது. இந்த வருடம் விரதம் வேண்டாம் என்றேன். ஆறு நாளும் பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, பின்னேரம் ஒரு கிளாஸ் பாலும் ஒரு வாழைப்பழமும். வருத்தக்காரன் செய்கிற வேலையா இது? முருகனுக்கு உங்கள் வாதம் தெரியாதா, ஒரு வருடம் விட்டால் கோபிப்பாரா என்று கேட்டேன்.

"நீர் சும்மா இரும். இருபத்தொன்பது வருசம் விடாமல் பிடிச்ச விரதம்."

சரி, அப்படியென்றால் வெறும் வயிற்றில் குளிசை எப்படி? அதற்கு இவரின் அண்ணை குகதாசன் அத்தானிடம் ஏற்கெனவே தீர்ப்பு வாங்கி வைத்திருக்கிறார். கோவில் சபைத் தலைவர் அல்லவா. சாப்பாடுதான் விரதத்தை முறிக்குமாம், தண்ணீரோடு விழுங்கும் மருந்து முறிக்காதாம். வைத்தியமும் அத்தானே பார்க்கட்டும்.

2.11.2024, சனி

விரதம் தொடங்கியாயிற்று. நான் கூட்டுறவுக் கடைக்குப் போகுமுன் பார்த்தேன். வெறும் வயிற்றில் குளிசை. பேசவில்லை. பேசினால் இன்று முழுக்கப் பேசுவேன்.

5.11.2024, செவ்வாய்

கோவிலில் மணிக்கணக்காய் நிலத்தில் இருக்க முழங்கால் வலி விடவில்லையாம். பாமசியில் நோக்குளிசை வாங்கி இரண்டு நாளாய் அதையும் சேர்த்து விழுங்குகிறார். வேட்டி மடிப்பில் கண்டுபிடித்தேன். வயிறு எரிகிறதா என்றால் விரத வயிறு எரியாதா என்கிறார். கோவிலில் எல்லோருக்கும் எரிகிறதாம். ஊரே எரிகிறது, எனக்கு மட்டும் வாய் கூடிப்போச்சு.

7.11.2024, வியாழன்

சூரன்போர். சனத்துக்குள் இவர் திடீரென்று வீதி மணலில் குந்திவிட்டார். வயிற்றில் கத்தியால் குத்தினமாதிரி இருந்ததாம். அரை மணித்தியாலத்தில் நோ குறைந்துவிட்டது. புறங்கையை இவர் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். குளிர். காய்ச்சல் இல்லை, பட்டினி வயிறுதான் என்றார் அத்தான்.

முகம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஓட்டோ பிடித்து மருதனார்மடப் பக்கம் ஒரு தனியார் இடத்தில் காசு கட்டி டொக்டரைச் சனல் பண்ணினேன். முப்பத்திரண்டாம் நம்பர். டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்தார். மெத்தென்று இருக்கிறதாம். காய்ச்சலும் இல்லை. இரண்டொரு கேள்வி. காஸ் என்று எழுதி நீட்டினார். நாலு நிமிடம். படிச்ச மனுசன்! இருபத்தேழு வருடமாக நான் பார்க்கிற முகம், அதில் ஏதோ பிழை என்று எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை.

8.11.2024, வெள்ளி

விரதம் முடிக்கும் பாறணை. இரண்டு பிடி சோறு, பிறகு சாப்பிட்டது முழுக்கச் சத்தி. "பெரிசா நோகேல்லை" என்கிறார். அந்த அமைதியைக் காண எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

9.11.2024, சனி

பெரியாஸ்பத்திரி. ஒப்பரேசன் நடக்கிறது. வெளியே மர வாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன்.

விடிய எழும்ப முடியவில்லை. வேர்த்துக் குளிர்ந்து போனார். இங்கே கொண்டுவந்ததும் ஆரணி என்று ஒரு சின்ன டொக்டர்ப் பிள்ளை, எங்கள் மகள் கோபிகாவை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், வயிற்றைத் தொட முன்னமே கேட்டது, என்ன மருந்து எடுக்கிறவர் என்று. மருந்தெல்லாம் எழுதியிருக்கிற கிளினிக் கொப்பியைக் கொடுத்தேன். ஒரு பக்கம் பார்த்தது. உடனே எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட்டது.

குடலில் ஓட்டை. இரண்டு நாளாக.

காய்ச்சல் இல்லையே பிள்ளை என்றேன். நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் இருந்தது.

"இந்தக் குளிசை காய்ச்சலையும் நோவையும் அமத்திப்போடும் அம்மா. உள்ளுக்கை பழுதாகிக்கொண்டே இருக்கும், வெளியிலை காட்டாது. வெறும் வயித்திலை நோக்குளிசையும் போட்டவரோ?"

ஓம் என்றேன்.

அத்தான் வந்தார். விசயத்தைக் கேட்டதும் முதலில் கேட்ட கேள்வி, அந்தச் சனல் டொக்டர் என்ன மருந்து எடுக்கிறார் என்று விசாரிக்கவில்லையா என்பதுதான். இல்லை என்றேன்.

10.11.2024, ஞாயிறு

கண் திறக்கவில்லை.

11.11.2024, திங்கள்

எல்லோர் மீதும் கோபம். மூன்று வருடம் வாயைத் திறக்காத கிளினிக் மீது. ஆறு நாள் பட்டினி கிடந்த இவர் மீது. தண்ணீரோடு விழுங்கினால் முறியாது என்று தீர்ப்புச் சொன்ன அத்தான் மீது. மனுசர் இப்போது திருநீறு கொண்டுவருகிறார், என் முகத்தைப் பார்க்காமல். நாலு நிமிட டொக்டர் மீது. பாமசிக்காரன் மீது.

வீட்டுக்கு உடுப்பு எடுக்கப் போனேன். அலுமாரியில் கிடந்த பிரெட்னிசொலோன் முழுவதையும் கக்கூசுக்குள் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். போய்த் தொலை.

12.11.2024, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும்.

அந்தச் சனல் டொக்டர் கேட்டவர். "வேறை மருந்து ஏதும் எடுக்கிறவரோ?" இதுதான் கேட்டவர், நல்ல தமிழில், என் முகத்தைப் பார்த்து. நான் இல்லை என்றேன். கிளினிக் கொப்பி என் மடியில் இருந்த பைக்குள் கிடந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? எல்லோரும் செய்வதுதான். அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிறோம் என்றால் தனியார் டொக்டர் பேசுவார், அங்கேயே போக வேண்டியதுதானே என்பார். தனியாரிடம் போனது தெரிந்தால் கிளினிக்கில் பேச்சு விழும். எங்கள் ஒழுங்கையில் பத்மாசினி அப்படிப் பேச்சு வாங்கி அழுதுகொண்டு வந்தவள். அதனால் இந்தக் கொப்பியை அங்கே காட்டுவதில்லை, அங்கே எழுதித்தரும் மருந்துத் துண்டை இங்கே காட்டுவதில்லை. அன்று அந்த வரிசையில் எத்தனை பைக்குள் எத்தனை கொப்பி கிடந்ததோ.

என்னடி செய்துபோட்டாய் கனகம். பேச்சு வாங்கப் பயந்து. நாலு பேரைப் பேசிற வாய், ஒரு பேச்சு வாங்கப் பயந்து -

15.11.2024, வெள்ளி

கண் திறந்தார். என்னைத் தெரிகிறது. தண்ணீர் கேட்டார், கொடுக்கக்கூடாதாம்.

அந்தக் குளிசையைக் கொட்டிவிட்டேன், இனி வேண்டாம் என்று ஆரணிப் பிள்ளையிடம் சொன்னேன். திகைத்துப் போச்சு. திடீரென்று நிற்பாட்டினால் உடம்பு அப்படியே விழுந்துவிடுமாம். இங்கே அதை ஊசியில் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார்களாம்.

"அந்த மருந்து இல்லாட்டி ஐயா விரலை மடக்க மாட்டார் அம்மா. எடுக்கிறார் எண்டு தெரிஞ்சால், காய்ச்சல் இல்லாட்டியும் நாங்கள் தேடிப் பாப்பம். தெரியாட்டி உடம்பு காட்டுறதைத்தானே நம்புவம்."

பிள்ளை என்னைக் குத்திச் சொல்லவில்லை. அதற்கு ஒன்றும் தெரியாது. குத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

30.11.2024, சனி

மழை விட்டபாடில்லை. உள்ளே சீழ் கட்டி, இரண்டாம் ஒப்பரேசனும் முடிந்துவிட்டது. ஆள் பாதியாகிவிட்டார்.

அத்தான் அந்தச் சனல் டொக்டர் மீது முறைப்பாடு சொல்லிப் பெட்டிசம் எழுதுகிறார். கம்பசிலிருந்து வந்த கோபிகா மடிக்கணினியில் அடிக்கிறாள். முதல் வரியை எனக்கு வாசித்துக் காட்டினாள்: "நோயாளி என்ன மருந்து உட்கொள்கிறார் என்று ஒரு வார்த்தையும் விசாரிக்காமல்..." சரியா அம்மா என்று கேட்டாள். மகளின் கண்ணில் அவ்வளவு கோபம். என் கண் அது, என் கோபம் அது. அடுப்பில் பால் பொங்கப்போகிறது என்று எழும்பிவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

8.12.2024, ஞாயிறு

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். படியில் இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்றினோம். பிரெட்னிசொலோன் புதிய உறை. அளவு குறைத்திருக்கிறார்கள்.

ஒருநாளைக்கு நாலு தரம் இவரை உற்றுப் பார்க்கிறேன். கழுத்தில் கை வைப்பதில்லை இனி. முகத்தைப் பார்க்கிறேன், எவ்வளவு சாப்பிட்டார் என்று பார்க்கிறேன், எழும்பும் விதத்தைப் பார்க்கிறேன். என்னை ஏன் பொலிஸ்காரி மாதிரிப் பார்க்கிறீர் என்கிறார். சொல்லத் தொடங்கினேன். பிறகு தலையணையைத் தட்டிப் போட்டேன்.

17.12.2024, செவ்வாய்

அத்தான் பெட்டிசத்தோடு வந்தார். மூன்று பக்கம். கடைசியில் என் பெயர், கீழே புள்ளிக்கோடு. பேனையை மூடி கழற்றியே நீட்டினார். கோபிகா என் கதிரைக்குப் பின்னால் நின்றாள்.

அவர் கேட்டவர், நான்தான் இல்லை என்று சொன்னேன் என்றேன். கொப்பி என் பைக்குள் இருந்தது என்றும் சொன்னேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன் போலிருக்கிறது, பக்கத்து வளவில் நாய் குரைத்தது.

அத்தான் பேனையை மூடினார், திரும்பத் திறந்தார்.

"அப்ப நாங்கள் ஆருக்கு எதிராய் எழுதுறது?"

வெறும் வயிற்றுக் குளிசைக்குத் தீர்ப்புச் சொன்னவர் கேட்கிறார். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அறையிலிருந்து இவரின் குரல் வந்தது, மெல்ல, மூச்சு வாங்கி வாங்கி.

"அண்ணை, அதைக் கிழிச்சுப் போடுங்கோ. டொக்டர் கேக்கேக்கை நானும் பக்கத்திலைதானே இருந்தன். எனக்கும் வாய் இருந்தது."

அத்தான் தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டார். கோபிகா அந்தப் பெட்டிசத்தை மடிக்கணினியிலிருந்து அழித்தாள், என்னிடம் கேட்காமலே.

நான் அறைக்குள் போனேன். அழப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். வந்தது கோபம். நாற்பது நாள்! நாற்பது நாளாக நான் ஒருத்தி தனிய இருந்து வெந்திருக்கிறன், இந்த மனுசனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டு, கூரையைப் பாத்துக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் கிடந்திருக்கு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீர் என்னைப் பேசுவீர் எண்டு பயந்து."

பேசினேன். கஞ்சி ஆறும்வரை பேசினேன். பிறகு சுடவைத்துக் கொடுத்தேன், ஒரு கோப்பை முழுவதும் குடித்தார்.