கொண்டை தப்பிய சேவல்

1958 நவம்பர் 18, செவ்வாய்.

இந்தத் தடவையும் கூமுட்டைதான். மத்தியானம் அறையை இருட்டாக்கி, அடையில் இருந்த வயண்டாட் சாதிச் சீமைக்கோழி முட்டைகளை டார்ச் விளக்கில் பிடித்துப் பார்த்தேன். இரண்டில் மட்டும் கரு பிடித்து நரம்பு ஓடியிருந்தது. மற்றவற்றில் ஒன்றுமே இல்லை.

பெட்டைகள் மேல் குறையில்லை. அவற்றோடு விட்டிருந்த பெரிய சேவல்தான் காரணம். வெள்ளை இறகு ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கரை, தலையோடு படிந்த ரோஜாக் கொண்டை, பார்க்க அத்தனை அழகு. அதன் தம்பிச் சேவலுக்கும் அதே நிறம்தான். கொண்டை மட்டும் நாட்டுக்கோழிபோல நிமிர்ந்துவிட்டது. அதனால் அதைக் கறிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தோம். அதைப் பெட்டைகளோடு விடப்போகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கொண்டை தப்பினத விட்டா இனமே கெட்டுப் போகும்" என்றார்.

"குஞ்சு பொரிச்சாத்தான இனம்? கொண்டைய அடுத்த ஈட்டுக் குஞ்சுகள்ல பாத்துக்கிறேன்."

"ஞாயித்துக்கெழமை தங்கச்சி மாப்பிள்ள வாராரு. அவருக்குக் கறி வெஞ்சனத்துக்கு என்ன பண்ணுவ?"

"பெரிய சேவல் இருக்குல்ல."

அந்தச் சேவலை உள்ளங்கையில் கம்பு வைத்து ஊட்டி வளர்த்தவர் அவர். சொன்ன எனக்கும் அதை அறுக்க மனசில்லைதான். ஆனால் வார்த்தையை மாற்றவில்லை.

பொழுது சாய்வதற்குள் பெரிய சேவலைப் பிடித்துத் தனியே அடைத்துவிட்டு, தம்பிச் சேவலை நானே தூக்கிப் போய்க் கூட்டில் விட்டேன். முதலில் பெட்டைகள் கொத்தி விரட்டின. செத்த நேரத்தில் ஒதுங்கி இடம் கொடுத்தன.

அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். இனி அடை வைப்பது இந்தச் சேவலோடு சேர்ந்த முட்டைகளைத்தான்.