ட்ராமில் உட்காராத பேரன்

9-8-2006, புதன் இரவு

கண்ணனுக்கு எச்ஐவி இருப்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். போன மாதம் ஆஸ்பத்திரியில், "எனக்கு ஒரு உபத்திரவமும் இல்லையே, மேகநோய்க்கு எதுக்கு ரத்தம் எடுக்கிறீங்க?" என்று டாக்டரம்மாவிடம் சண்டை பிடித்தான்.

"எச்ஐவிக்கு இங்கே வர்ற எல்லாருக்கும் சிபிலிஸும் பார்ப்போம் தம்பி. அது வெளியே தெரியாமலும் இருக்கும்" என்றாள்.

இருந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. இன்றைக்குப் பின்பக்கத்தில் ஊசி போட்டார்கள், மேகநோய் குணமாகிவிடுமாம். மகராசி நன்றாக இருக்கட்டும்.

திரும்பும்போது ட்ராமில் ஒரே இடம். "நீயே உட்காரு பாட்டி, என்னால முடியாது" என்றான். பக்கத்தில் இருந்த வங்காளி அம்மாள், "பாட்டிமேல் எவ்வளவு மரியாதை!" என்றாள்.

"என் பேரனாச்சே!" என்றேன்.

காளிகாட் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தான். அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.