யார் பக்கம்

14 ஜூலை 2004, புதன்

தங்கை செல்வியின் ரிப்போர்ட்டைத் திருச்சி டாக்டர் என்னிடம்தான் விளக்கினார். வீட்டில் காலேஜ் போனவள் நான் ஒருத்திதான். டிஎன்ஏவில் விழும் பழுதைச் சரிசெய்யும் மரபணு அவளுக்கு வேலை செய்யவில்லை. அதனால் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுகொண்டே வருகிறது. அவள் கட்டைவிரல் பிறவியிலேயே சின்னதாக இருப்பதும் இதனால்தானாம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். அவளுக்கு மாற்றி வைக்க என் மஜ்ஜையும் பொருந்தவில்லை. "நீயாவது சொந்தத்துல கட்டிக்காதம்மா" என்றார்.

திருமழபாடி பஸ்ஸில் அப்பா கேட்டார். "யாரு பக்கத்துலேருந்து வந்துச்சாம்மா? எங்க பக்கமா, ஒங்கம்மா பக்கமா?"

அம்மா, அப்பாவின் சொந்த அக்கா மகள். இரண்டும் ஒரே பக்கம்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "யாரு பக்கமும் இல்லப்பா. சத்து கொறச்சலாம்" என்றேன். அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மாவின் தம்பி, என் மாமா, ஆட்டு ஈரலோடு காத்திருந்தார். "நல்லா தின்னுடி நண்டு. ஒங்கக்கா கல்யாணத்துல நீதான் ஆரத்தித் தட்டு தூக்கணும்" என்று செல்வியைச் சீண்டினார். ஆவணியில் எனக்கும் அவருக்கும் பரிசம் என்று அப்பா அங்கேயே சொல்லிவிட்டார். அம்மா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நாளை சொல்லிவிட வேண்டும். பஸ்ஸிலேயே சொல்லாதவள் நாளை எப்படிச் சொல்வேன்?

சாப்பிடும்போது செல்வி ஓர் ஈரல் துண்டை என் தட்டில் தள்ளினாள். "நீயும் தின்னுக்கா. ஒனக்கும் ரத்தம் வேணும்ல."

தின்றேன்.