பின்கதவுக்கு ஒரு சந்தனப் பொட்டு

மேனேஜர் அண்ணா,

இன்று எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை. தையல் மிஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்தபோது கையில் கொஞ்சம் சந்தனம் மிச்சமிருந்தது. அந்த வாசனையோடு நேராகப் பின்கதவுக்குப் போய் அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நெருப்பெரிச்சல் ஊரில் இருந்த நம் பழைய பனியன் கம்பெனியில் நீங்கள் வைத்தபோது நாங்களும் இப்படித்தான் சிரித்தோம்.

உங்களை நாங்கள் திட்டிய திட்டு கொஞ்சமா? டீ வாளியை முன்வாசலில் வைத்தால் சட்டென்று குடித்துவிட்டு வரலாம். நீங்களோ பின்படிக்குக் கீழே, வேப்பமரத்தடியில்தான் வைப்பீர்கள். மாடியிலிருந்து இறங்கி ஏறுவதற்குள் பிரேக் முடிந்துவிடும்.

"ஏனுங்ணா, டீ குடிக்கறதுக்கா, கோயிலைச் சுத்தறதுக்கா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கால் பழகோணும் அம்மிணி" என்றீர்கள்.

சுற்றுவட்டாரத்தில் பாதுகாப்பு ஆடிட் வரும் அன்று மட்டும் பின்கதவு திறக்கும் கம்பெனிகள் உண்டு. ஆடிட்டர் கார் கிளம்பியதும் பண்டல்கள் மறுபடி கதவை மறைத்துக்கொள்ளும். நம் முதலாளிக்கும் அதே யோசனைதான். திறந்து போட்டால் பீஸ் காணாமல் போகும் என்றார். "உள்ள ஆளிருக்கறப்ப கதவைப் பூட்டக் கூடாதுன்னு சட்டமிருக்குதுங்க. பனியன் போனா மறுக்காத் தெச்சுக்கலாமுங்க" என்று நீங்கள் சொன்னது எங்கள் லைன் வரை கேட்டது. உங்களுக்கு வேலை போய்விடுமோ என்று அன்று பயந்தேன்.

பிறகு அந்த மத்தியானம். முன்படிக்குக் கீழே கிடந்த வேஸ்ட் துணியில் தீப்பிடித்தது. கரண்ட் போய்விட்டது, புகை மாடிக்கு ஏறியது. எனக்கு அப்போது ஏழாம் மாதம். பக்கத்து மிஷினில் இருந்த பீகார்ப் பெண்ணுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தினமும் டீக்குப் போகிற வழியில் இருவரும் போனோம். எல்லோரும் அப்படித்தான் இறங்கினார்கள். முன்படிப் பக்கம் யாருமே போகவில்லை.

வேப்பமரத்தடியில் நின்று தலை எண்ணினீர்கள். என்னிடம் வந்ததும் இரண்டு விரலைக் காட்டினீர்கள். "வவுத்துல இருக்கறதையும் சேத்தி எண்ணிக்கிட்டேன் அம்மிணி."

அன்று வயிற்றில் இருந்த மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சித்திரையில் நீங்கள் இறந்துபோன சேதி வந்தபோது, அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நாங்கள் இருவரும் உயிரோடு இருப்பது உங்களால்தான் அண்ணா. கோடி நன்றி.

இங்கே நான் லைன் சூப்பர்வைசர். பின்கதவை மறைத்திருந்த பண்டல்களை நேற்றே நகர்த்தச் செய்துவிட்டேன். இன்று பொரிகடலையைக் கதவுக்கு வெளியே வைத்துத்தான் கொடுத்தேன். நாளையிலிருந்து டீயும் அங்கேதான்.

"அத்தனை தூரமாங்க்கா?" என்று இப்போதே முணுமுணுக்கிறார்கள்.

திட்டட்டும் அண்ணா. அந்தக் கதவு வழியாக வெளியே வந்து நின்று திட்டட்டும்.