விளம்பரத்தில் சிரிப்பவர்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

திரும்பி வரச் சொல்லி எழுதவில்லை, பயப்பட வேண்டாம்.

நம் தையல் மிஷின் ரிப்பேர் கடையின் விளம்பரம் இன்னும் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வருகிறது. அதில் சிரிப்பது நீங்கள்தான். ‘உரிமையாளரே நேரில் கவனிப்பார்’ என்ற வரியும் அப்படியே இருக்கிறது. அந்தச் சிரிப்பை நம்பித்தான் ஜனங்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

“அண்ணன் இல்லையா?”

“வெளிய போயிருக்காரு. இப்ப வந்துருவாரு.”

நீங்கள் போன நாளிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணெய்க் கையோடு ரிப்பேர் பார்ப்பது நான். பாராட்டு உங்களுக்கு. ஒரு தடவை துணிந்து என் படத்தைப் போட்டுப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று பேப்பர் ஆபீஸிலிருந்து விளம்பரக்காரர் வந்தார்.

“அக்கா, இந்தப் படத்துல அண்ணன் புது மாப்பிள்ளை மாதிரி இருக்காரு. இனிமே யாரும் நம்ப மாட்டாங்க. இப்ப எடுத்த படமா ஒண்ணு வாங்கிக் குடுங்க.”

சரியென்று தலையாட்டிவிட்டேன். வேறென்ன செய்ய?

நீங்கள் வர வேண்டாம். எங்கே, யாரோடு இருந்தாலும் சரி. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கொஞ்சம் சிரித்த மாதிரி.

— படத்தில் இல்லாதவள்