எதையும் யாசிக்காத பாட்டு

14 ஜூலை 2003, திங்கள்

விடிய விடிய மழை. ஏரி ஓரம் முழங்கால் தண்ணீர் என்றான் பால்காரன். என் பிள்ளை கிரீஷை ஆபீஸ் வண்டி தெருமுனையிலேயே இறக்கிவிட்டது. பேன்டைச் சுருட்டிக்கொண்டு நடந்து வந்தான். சால்ட் லேக்கில் அமெரிக்காக்காரர்களோடு ராத்திரி முழுக்கப் போனில் பேசும் வேலை. அங்கே பேசிவிட்டு வருகிறவன் என்னோடு பேசுவதில்லை. இரண்டு தோசை. அறைக்கதவைச் சாத்துவது. பிறகு அது.

அதைப் பாட்டு என்கிறான். தகரக் கூரைமேல் ஜல்லி கொட்டுகிற மாதிரி டிரம். அதற்கு அடியில் ஒருவன் — பாடுகிறானா, வாந்தி எடுக்கிறானா?

பால்கனிக்குப் போனேன். கீழே தெருப் பையன்களின் க்ளப் வாசலில் பொல்ட்டு. நாற்பது வயதாகியும் பூஜைக்குச் சந்தா பிரிப்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வேலை. என்னைப் பார்த்ததும், "மாஷிமா, இந்த வருஷம் மனுவை நாங்க எழுதட்டுமா?" என்று வங்காளியில் கேட்டான். தெருவுக்கே நான் மாஷிமா, சித்தி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர்கள் பூஜை மைக்கை எதிர்த்துப் போலீசுக்கும் கார்ப்பரேஷனுக்கும் பத்து வருஷமாக மனு எழுதுகிறவள் நான். தம்பி பத்மநாபன் காலேஜுக்குப் போகவேண்டும் என்று என்னை ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அகராதியை வைத்துக்கொண்டு நானே கற்ற இங்கிலீஷில் எழுதுகிறேன். ஒரு எழுத்துப் பிழை இருக்காது. இன்றைக்குச் சத்தம் என் வீட்டிலிருந்து.

16 ஜூலை

இன்றும். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

19 ஜூலை, சனி

சொல்லிவிட்டேன். கதவைத் தட்டி, திறந்ததும் நேராகவே சொன்னேன். "இந்தாத்துல ஒண்ணு அது இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நீ இரும்மா," என்றான்.

ஒரு பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டு சாயங்காலம் போய்விட்டான். வேறு எங்கே? சால்ட் லேக்கில் பத்மநாபன் வீட்டுக்கு. எனக்கு வரவேண்டியதெல்லாம் அங்கேதானே போகும். முதலில் படிப்பு, இப்போது பிள்ளை.

23 ஜூலை

நான் செய்தது சரி.

27 ஜூலை, ஞாயிறு

அவன் அறையைப் பெருக்கினேன். டேப் ரிகார்டரில் ஒரு கேசட்டை அப்படியே விட்டுப் போயிருக்கிறான். கடையில் வாங்கியது இல்லை, யாரோ சிநேகிதன் பதிவு செய்து கொடுத்தது. அட்டையில் ஜெராக்ஸ் படம்: மண்டை ஓடு, அதன்மேல் ஆலமர வேர் மாதிரி எழுத்து. எத்தனை திருப்பிப் பார்த்தாலும் படிக்க முடியவில்லை. எனக்கு எதிராக இந்த வீட்டில் ஜெயித்தது இதுதான். என்னதான் இருக்கிறது இதில்?

போட்டுப் பார்த்தேன். இழுவையும் கரகரப்பும். டேப் கெட்டிருக்கிறது என்று தோன்றியது. கெட்ட டேப்பையா கேட்டுக்கொண்டிருந்தான்?

28 ஜூலை

லெவல் கிராசிங் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்கிற ஹராதனிடம் டேப் ரிகார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்பிரிட் வைத்து ஹெட்டைத் துடைத்தான். பெல்ட் மாற்றினான். போட்டான். அதேதான். தன் மெஷினில் போட்டான். அங்கேயும் அதேதான். டார்ச் வாங்க வந்த ஒரு கிழவர் டார்ச் வாங்காமலே போய்விட்டார்.

ஹராதன் கேசட்டை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். மெஷின் பழுதில்லை மாஷிமா, இது பிறவியே இப்படி என்றான்.

2 ஆகஸ்ட்

சமையல் முடிந்து பதினோரு மணிக்குத் தினமும் கேட்கிறேன். பிடித்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் ஒன்றை வெறுத்தால் அது என் தம்பியின் வழக்கம் ஆகிவிடும்.

சில பாட்டு, கடுகு வெடித்து அடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. முதலில் எல்லாம் ஒரே பாட்டு என்று நினைத்தேன். இல்லை. மூன்றாவது, சேற்றில் நடப்பது போல மெதுவானது. ஏழாவது ஒரே ஓட்டம், ஓடி ஓடி நடுவில் சட்டென்று நிற்கிறது. டிரம், கிட்டார், அந்தத் தொண்டை, எல்லாம் ஒரே கணத்தில். ஒரு மூச்சு இடைவெளி. மறுபடி எல்லாம் ஒன்றாக விழுகிறது.

இதை நான் கோபம் என்று நினைத்திருந்தேன். கோபக்காரர்களால் இப்படிச் சேர்ந்து நிற்க முடியுமா? க்ளப்பில் சண்டை வந்தால் ஒருவன் ஓய்ந்த பிறகும் இன்னொருவன் கத்திக்கொண்டுதான் இருப்பான். இவர்கள் எத்தனை நாள் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும்?

6 ஆகஸ்ட்

அந்தக் குரலை மனிதனால் எப்படிப் போட முடிகிறது? அடுக்களையில் நானே முயன்று பார்த்தேன். தொண்டையால் போட்டால் இருமல்தான் வருகிறது. வயிற்றிலிருந்து எடுத்தால் கொஞ்சம் வருகிறது.

மாடியில் குடியிருக்கும் வத்சலா விக்ஸ் டப்பாவோடு ஓடி வந்தாள். "என்ன மாமி, மூச்சு வாங்கறதா? டாக்டரைக் கூப்பிடட்டுமா?" சளி என்று சொல்லி அனுப்பினேன். விக்ஸை வாங்கி வைத்துக்கொண்டேன்.

11 ஆகஸ்ட்

கேசட் அட்டையின் உள்பக்கம் பாட்டுகளின் பெயர்கள், பொடிப் பொடியாகப் பேனாவில். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அகராதியில் தேடினேன். சீழ். அழுகல். புழு. பிண அறை. இரண்டு வார்த்தை என் அகராதியிலேயே இல்லை.

அசிங்கம்தான். ஆனால் பொய் இல்லை. கிரீஷின் அப்பாவுக்குக் கடைசி நான்கு மாதம் புண் துடைத்துக் கட்டியவள் நான். அந்த வாசனையைப் பற்றி என்னிடம் ஒருவரும் பேசியதில்லை. வந்தவர்கள் எல்லாம் நல்ல சாவு என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

நம் சித்தர்களும் உடம்பை நாறுகிற பை என்றுதான் பாடினார்கள். ஆனால் அவர்கள் அடுத்த அடியிலேயே கடவுளிடம் போய்விடுவார்கள். இந்தத் தடியன் அங்கேயே நிற்கிறான்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

பத்மநாபன் வந்தான். வழக்கம்போலப் பெரிய மனிதத் தோரணை. அங்கே அந்தச் சத்தத்தை எப்படித் தாங்குகிறாய் என்று கேட்டேன்.

"காதுல இருக்கற மெஷினைக் கழட்டி மேஜை மேல வெச்சுடறேன், அக்கா. அப்புறம் அவனை மாதிரி சாதுவான பிள்ளை கிடையாது."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. கிரீஷ் பகலில் தூங்குவதைப் பற்றிச் சொன்னான். "தூக்கத்துல சாரி சாரிங்கறான். ஐ ஆம் சாரி மேம், ஐ ஆம் சாரி சார்னு. ராத்திரி பூரா அவா திட்டறதும் இவன் மன்னிப்புக் கேக்கறதும்தான் வேலையாம். நோக்குத் தெரியாதா?"

தெரியாது. நான் கேட்டதில்லை. என்னிடம் ஒரு தடவைகூட அவன் சாரி சொன்னதில்லை என்று எத்தனை நாள் குறைப்பட்டிருக்கிறேன். வீட்டுக்கு வரும்போது மிச்சம் இருந்திருக்காது.

12 செப்டம்பர்

விசுவகர்மா பூஜை நெருங்குகிறது. வழக்கப்படி மனு எழுத உட்கார்ந்தேன். முதல் வரி கை பழகிய வரி: மிகத் தாழ்மையுடன் யாசித்துக்கொள்வது என்னவென்றால்.

அடுத்த அறையில் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. பேனாவை மூடினேன்.

நான் கேட்டு வளர்ந்த பாட்டெல்லாம் எதையாவது வேண்டும். அருள் தா, தரிசனம் தா, அவனை வரச்சொல் தோழி. இது யாரிடமும் எதையும் வேண்டவில்லை. மன்னிக்கச் சொல்லவில்லை. கேட்கிறவனுக்குப் பிடிக்க வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. ராத்திரி முழுக்கக் குனிந்துவிட்டு வருகிற ஒருவன் இதற்குள் போய் நிமிர்ந்து உட்காரலாம். நானும் உட்காரலாம் போலிருக்கிறது. பத்து வருஷம் தாழ்மையுடன் எழுதியிருக்கிறேன். ஒரு மைக்கையும் யாரும் இறக்கவில்லை.

17 செப்டம்பர், புதன்

விசுவகர்மா பூஜை. வழக்கம்போல வானமெல்லாம் பட்டம். காலையிலேயே மைக். மனு அனுப்பவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கினேன். ஸ்பீக்கர் பெட்டியைப் பார்க் பக்கம் திருப்பு என்றேன் பொல்ட்டுவிடம். தயவுசெய்து என்று சொல்லவில்லை.

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பத்து வருஷமா கடுதாசிதானே வந்தது மாஷிமா. நீங்க வரவே இல்லையே."

ஒரு பெட்டியைத் திருப்பினான். இன்னொன்று திரும்பாது, ஒயர் எட்டாது என்றான். பொய். ஆனாலும் ஒன்று திரும்பியது.

21 செப்டம்பர்

பத்மநாபன் வீட்டுக்குப் போன் செய்தேன். அவனோடு பேசத்தான். மெஷினைக் கழற்றி வைத்திருப்பான் போல, எடுத்தது கிரீஷ்.

திரும்பி வா என்று சொல்ல வரவில்லை எனக்கு. வராது.

"ஏழாவது பாட்டுல அந்த டிரம்காரன் கடைசியில தாளத்தை விட்டு முன்னால ஓடறான்," என்றேன்.

"ஏழு வரைக்கும் கேட்டியா?" என்றான்.

"முழுக்கக் கேட்டேன். பிடிக்கலை. ஆனா அவன் ஓடறான்."

"ஓடலைம்மா. கிட்டார்காரன் பின்தங்கறான். வேணும்னே. நின்னதுக்கு அப்புறம் கேளு."

கேட்டேன். மூன்று தடவை. ஓடத்தான் ஓடுகிறான்.

5 அக்டோபர், ஞாயிறு

விஜயதசமி. வாசலில் கிரீஷ். ஒரு கையில் சந்தேஷ் இனிப்பு, இன்னொரு கையில் அன்றைக்கு எடுத்துப்போன துணிப்பெட்டி. நமஸ்காரம் பண்ணினான். நான் சாரி சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. இந்த வீட்டிலாவது அந்த வார்த்தை வேண்டாம்.

இலை போட்டேன். சாப்பிடும்போது, அந்த டிரம்காரன் இன்னும் ஓடுகிறான் என்றேன். வாயில் சோற்றோடு இல்லை என்று தலையாட்டினான்.

13 அக்டோபர், திங்கள்

வண்டி காலையில் வந்தது. இரண்டு தோசை கேட்டான், மூன்று போட்டேன். அறைக்குப் போய் டேப்பைத் தட்டினான். கதவைச் சாத்தவில்லை. நான் தோசைக் கரண்டியோடு நிலைப்படியில் நின்று கேட்டேன். ஏழாவதில் அந்த இடம் வந்ததும் அவன் விரலைத் தூக்கினான்: பார், இப்போ. ஒரு மூச்சு. எல்லாம் ஒன்றாக விழுந்தது. அவன் சொல்வது சரியாக இருக்கலாம். அவனிடம் சொல்லவில்லை.

தெருவிலிருந்து பொல்ட்டுவின் குரல். "மாஷிமா! மனு எழுதட்டுமா?"

பால்கனிக்குப் போனேன். எழுது, தாழ்மையுடன் என்று மட்டும் எழுதாதே என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.