சீசாவில் இருந்த முள்ளுப்புழு

ஜனவரி 5, ஞாயிறு
அவரைப் பந்தலில் கொடி நுனியெல்லாம் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. போதாதென்று முதலைக்குட்டி மாதிரி முள்ளுப்புழு வேறு. கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். அறுபது இருக்கும். ஒன்பதாவதோடு படிப்பு நின்ற பிறகு அப்பா என் பொறுப்பில் விட்டது இந்தப் பந்தல் ஒன்றைத்தான்.

பூச்சியைக் காட்டினால்தான் மருந்துக்கடைக்காரர் மருந்து தருவார். அசுவினியோடு ஒரு நுனியும் ஒரே ஒரு புழுவும் சீசாவில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி வைத்தேன்.

"இம்புட்டுப் பவுசா வீடு கட்டிட்ட, பேரும் வச்சிருத்தா," என்றது மதினி. அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து, என்னைச் சீண்டாமல் மில்லுக்குக் கிளம்பியதில்லை.

ஜனவரி 7, செவ்வாய்
வீட்டுக்கு வெள்ளையடிப்பு. அப்பா மருந்துக்கடைக்குப் போகவில்லை.

சீசாவில் அசுவினி ஒன்றுகூட இல்லை! புழு மட்டும் கொழுத்துக் கிடக்கிறது. இன்னொரு நுனி போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்கிறது.

ஆறாவதில் உணவுச்சங்கிலி வரைந்தோம். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. இங்கே அவரை, அசுவினி, புழு. அப்படியென்றால் நான் கொன்றது யாரை?

ஜனவரி 8, புதன்
புழு சீசாவில் ஒட்டிச் சுருண்டுவிட்டது. செத்துப்போச்சா?

ஜனவரி 13, திங்கள்
சாகவில்லை. கூட்டைப் பிளந்துகொண்டு ஒரு மஞ்சள் வண்டு வந்திருக்கிறது. மத்தியானத்துக்குள் சிவந்து புள்ளி ஏறிவிட்டது. பொறிவண்டு! அறுபது பிள்ளைகளையும் முக்கிக் கொன்னுட்டேனே. பாவி நான்.

பொங்கல் கழித்து மருந்தடிக்கப் போகிறார் அப்பா. அடித்தால் மிச்சம் இருப்பதும் சாகும். யார் போய்ச் சொல்வது? அவர் முன்னால் எனக்கு வாயே வராது.

ஜனவரி 17, வெள்ளி
அப்பா மருந்து வாங்கிவந்து தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தார். சீசாவோடு எதிரில் போய் நின்றேன்.

"என்னத்தா?"

"அடிக்காதப்பா. இது நம்ம ஆளு. அசுவினிய இதுதான் திங்குது."

அதற்கு மேல் அழுகைதான் வந்தது. மதினிக்குத்தான் எல்லாம் தெரியுமே, மிச்சத்தை அது சொன்னது. அப்பா சீசாவை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தெளிப்பானைக் கவிழ்த்து வைத்தார்.

"பத்து நாள் பாப்போம். கொடி போச்சுன்னா அழக்கூடாது."

ஜனவரி 20, திங்கள்
புழு கிட்டே வந்தால் எறும்பு கடித்து விரட்டுகிறது. அசுவினி கழிக்கிற இனிப்பை நக்கத்தான் இந்தக் காவல்! மதினி லீவு. எறும்பு ஏறாதபடி இரண்டு பேருமாக ஒவ்வொரு தூரிலும் பந்தல் காலிலும் சாம்பல் போட்டோம். "கூட்டுக்களவாணிப் பயக," என்று எறும்பைத் திட்டிக்கொண்டே போட்டது மதினி.

ஜனவரி 27, திங்கள்
கீழ வரிசை போனது போனதுதான். மற்றதில் புதுத் துளிர், பூ. இலைக்கு இலை முள்ளுப்புழு. பத்து நாள் முடிந்தது. அப்பா தெளிப்பானைப் பரணில் ஏற்றிவிட்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு
பக்கத்துத் தோட்டத்து முத்துக்கிருஷ்ணன் மாமா காலையில் வந்தார். அவர் அவரையிலும் அசுவினியாம். என்ன மருந்து அடித்தாய் என்று அப்பாவிடம் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? மககிட்ட கேளு," என்றார் அப்பா.

உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. மாமாவைப் பந்தலுக்குக் கூட்டிப்போய் ஒரு இலையைத் திருப்பிக் காட்டினேன். செத்த நேரத்தில் வந்துவிடலாம் என்றுதான் போனேன். காபி ஆறிப்போச்சு என்று மதினி இரண்டு தடவை கூப்பிட்டதாம். எனக்குக் காதில் விழவில்லை, பேசிக்கொண்டிருந்தேன்.